பவுடர் போட்டது யார்

நான்காம் லைனில் காலை ஆறு நாற்பதுக்கு மீட்டர் சிவப்பானது. வெள்ளி, சனி, இன்று திங்கள். மூன்று நாளும் அதே நேரம்.

மீட்டர் காற்றில் இருக்கும் தூசியை அளக்கும். அந்த அறையில் செல்போன் கேமராவுக்கு லென்ஸ் பொருத்துகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத தூசி ஒன்று லென்ஸில் உட்கார்ந்தால் கேமரா வீண். அதனால் உள்ளே போகிறவர்கள் தலையிலிருந்து கால்வரை வெள்ளை அங்கி போட வேண்டும். கண்கள் மட்டும் வெளியே தெரியும். பூ கூடாது. வளையல் கூடாது. பொட்டு, மை, பவுடர், க்ரீம், உதட்டுக்கு வாஸலின், எதுவும் கூடாது. உடை மாற்றும் அறைச் சுவரில் இதைத் தமிழிலும் கன்னடத்திலும் இந்தியிலும் எழுதியிருக்கிறார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒரு பெண்ணின் முகத்தை வரைந்து குறுக்கே சிவப்புக் கோடு போட்டிருக்கிறார்கள்.

லைனை நிறுத்தினார்கள். பதினோரு பெண்களும் வெளியே வந்து அங்கியைக் கழற்றினார்கள்.

லைன் லீடர் ஸ்வாதிக்கு இருபத்து மூன்று வயது. அத்திப்பள்ளியிலிருந்து வருகிறாள். வீட்டில் கன்னடம். வேலை தொடங்கி உடம்பு அசைய அசைய அங்கிக்குள்ளிருந்து பவுடர்தான் இப்படிக் கசியும், போட்டவர்கள் இப்போதே சொல்லிவிட்டால் பேச்சோடு போகும் என்றாள். யாரும் சொல்லவில்லை.

குவாலிட்டி பிரிவிலிருந்து ராஜேஷ்குமார் ஒரு டப்பா நிறையக் கறுப்புத் துணிகள் கொண்டுவந்தார். கொடுத்துவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். ஸ்வாதி ஒவ்வொருத்தியின் கழுத்தையும் முன்கையையும் ஒரு துணியால் துடைத்து, துணியை மேசைமேல் விரித்து வைத்தாள்.

ராசாத்தி ஏழாவதாக நின்றாள். நின்றபடியே கண் சொருகியது. அவளுக்கு நான்கு வயதில் ஒரு பையன், பத்து மாதத்தில் ஒரு பெண். முந்தைய இரவு சின்னவள் மூன்று முறை எழுந்திருந்தாள். கழுத்தில் துணி பட்டபோது ராசாத்தி திடுக்கிட்டு விழித்தாள்.

ஸ்வாதி துணியை வெளிச்சத்தில் பிடித்தாள். அதில் ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளை.

"ராசாத்தி அக்கா. நீங்களா?"

ராசாத்தியும் துணியைப் பார்த்தாள். சின்னவள் பிறந்த பிறகு அவள் தன் பவுடர் டப்பாவைத் திறந்ததில்லை. அது எங்கே கிடக்கிறது என்றுகூடத் தெரியாது.

"நான் போடலை."

"துணியில இருக்குதே அக்கா."

பின்னாலிருந்து யாரோ, அங்கிக்குள்ளே போய் யாருக்குக் காட்டப் போகிறாள் என்றார்கள். எட்டாவதாக நின்ற ஃபகருன்னிசா ஒரு அடி முன்னால் வந்தாள். அவளுக்கு நாற்பது வயது. ஆறு வருடமாக இந்த லைனில் இருக்கிறாள். வாய் சும்மா இருக்காது.

"மேடம், இவளா பவுடர் போடுவா? அவ மூஞ்சிய மொதல்ல பாருங்க. தலை சீவி நாலு நாள் இருக்கும். இவ பவுடர் போட்டிருந்தா நாங்களே மாலை வாங்கிப் போட்டிருப்போம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்வாதியும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ராஜேஷ்குமாரின் தோள்கள் குலுங்கின.

ராசாத்தி சிரிக்கவில்லை. சந்தேகப்பட்டபோது அவளுக்கு வலிக்கவில்லை. ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, உள்ளுக்குள் ஏதோ இதமாகக்கூட இருந்தது. பவுடர் போட நேரம் உள்ளவள் என்று யாரோ தன்னை நினைத்திருக்கிறார்கள். காப்பாற்ற வந்த பேச்சுதான் குத்தியது.

ராஜேஷ்குமார் ஒரு தாளை நீட்டினார். நாளை விளக்கம் எழுதித் தர வேண்டும் என்றார். இதுதான் முதல் முறை. இன்னொரு முறை மீட்டர் சிவப்பாகி இவளைத் துடைத்த துணியில் வெள்ளை வந்தால் பேக்கிங்குக்கு மாற்றிவிடுவார்கள்.

பேக்கிங்கில் மூன்று ஷிப்ட். மூன்று வாரத்தில் ஒரு வாரம் இரவு. லென்ஸ் லைன் மட்டும்தான் எப்போதும் காலை ஆறிலிருந்து இரண்டு. சின்னவள் இன்னும் தாய்ப்பால் குடிக்கிறாள். இரவில் அம்மா இல்லாமல் தூங்கமாட்டாள். பேக்கிங் என்றால் வேலையை விடுவதுதான். ராசாத்திக்கு இது தெரியும். தாளை வாங்கி நான்காக மடித்தாள்.

இரண்டு மணிக்கு ஷிப்ட் முடியும். இரண்டு இருபதுக்கு பஸ். நடுவில் உள்ள இருபது நிமிடத்தில் லேடீஸ் ரூமில் நீளக் கண்ணாடி முன்னால் தோளோடு தோள் இடிக்கும். எட்டு மணி நேரம் கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்தவர்கள், முகத்தைத் திரும்ப வாங்க வந்தது போல நிற்பார்கள். மாஸ்க் அழுத்திய கோட்டில் க்ரீம் தேய்ப்பார்கள். ஏசி காற்றில் வெடித்த உதட்டுக்கு வாஸலின் தடவுவார்கள். பவுடர், மை, பொட்டு. காலையில் ஈரத்துணியில் சுற்றி வைத்த கனகாம்பரம் பையிலிருந்து வெளியே வரும். மூக்குத்தியின் திருகாணியை யாராவது கீழே தேடிக்கொண்டிருப்பார்கள்.

ராசாத்தி இப்போதெல்லாம் அந்தப் பக்கம் போவதே இல்லை. பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பி நான்கு மாதம் ஆகிறது. இரண்டு மணிக்கு அவளுக்கு மார்பு கல்லாகக் கனத்திருக்கும். கடைசிக் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு பாலைப் பீய்ச்சிவிடுவாள். பால் சாக்கடையில் போகும். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு ஓடி பஸ் ஏறுவாள். மூக்கண்டப்பள்ளி வரும்வரை வாய் திறந்து தூங்குவாள்.

அன்று தூங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்த ஃபகருன்னிசா இரண்டு முறை பேச வாயெடுத்தாள். ராசாத்தி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூக்கண்டப்பள்ளியில் அவர்கள் இருப்பது மாடியில் ஒரே அறை. அறையை ஒட்டிக் குளியலறை. கீழே வீட்டுக்காரி ரங்கம்மா. பகலில் பிள்ளைகள் அவளிடம்தான். ராசாத்தியின் கணவன் தமிழரசன் சிப்காட்டில் லேத் ஓட்டுகிறான். எட்டரை மணிக்கு வேலை. எட்டு மணிக்குப் பிள்ளைகளைக் கீழே கொடுத்துவிட்டுப் போவான். மூன்று மணிக்கு ராசாத்தி வாங்கிக்கொள்வாள்.

குளியலறைச் சுவரில் கையகலக் கண்ணாடி ஒன்று தொங்கியது. தமிழரசன் சவரம் செய்ய வாங்கியது. அவன் உயரத்துக்கு ஆணி அடித்திருந்தான். ராசாத்தி அதில் தன் நெற்றியை மட்டும்தான் பார்க்க முடியும். ஞாயிற்றுக்கிழமை பொட்டு வைக்க அது போதும். மூன்று வருடமாக அதுவே போதுமாக இருந்தது.

அன்று கண்ணாடி முன் நின்று கால் விரலில் எக்கினாள். கண்கள் தெரிந்தன. கண்ணுக்குக் கீழே யாரோ கட்டைவிரலால் கரி தடவியது போல இருந்தது. சின்னவள் அழுதாள். எக்கிய கால் இறங்கியது.

மாலையில் தமிழரசனிடம் நடந்ததைச் சொன்னாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"நீ? பவுடரா?"

அவனும் சிரித்தான். பிறகு தாளைப் படித்தான். சிரிப்பு நின்றது. போடவில்லை என்றால் போடவில்லை என்றே எழுதிக் கொடு என்றான். துணியில் எப்படி வந்தது என்று கேட்டால் என்ன சொல்வது என்று அவள் கேட்டாள்.

செவ்வாய் காலை நான்கு மணிக்கு ராசாத்தி எழுந்தாள். குளித்தாள். யூனிபார்ம் போட்டாள். சின்னவளுக்குப் பால் கொடுத்தாள். பிறகு வெந்நீரில் துணி நனைத்து அவளைத் துடைத்துப் பாயில் கிடத்தினாள்.

இதை நான்கு மாதமாகச் செய்கிறாள். வேலைக்குத் திரும்பிய வாரம் துறையூரிலிருந்து மாமியார் போன் செய்தார். வேலைக்குப் போகிறவள் பிள்ளை கேட்பாரற்ற பிள்ளை மாதிரி இருக்கக் கூடாது என்றார். யாரும் அப்படிச் சொல்லிவிடக் கூடாது என்று ராசாத்தி முடிவு செய்தாள். தமிழரசன் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தால் போதும். துடைப்பது, பவுடர், சட்டை, கன்னத்தில் மைப்பொட்டு எல்லாம் ஐந்து மணிக்குள் முடிந்திருக்கும்.

போன வாரத்திலிருந்து வெயில் ஏறியிருந்தது. சின்னவளுக்குக் கழுத்து மடிப்பிலும் தொடை மடிப்பிலும் வேர்க்குரு. முன்பெல்லாம் டப்பாவை ஒரு தட்டு தட்டுவாள். இப்போது நாலு தட்டு.

தட்டினாள். குளியலறை பல்பின் வெளிச்சம் கதவு வழியாக நீளமாக விழுந்திருந்தது. வெளிச்சத்துக்குள் பவுடர் புகையாக எழுந்தது. எழுந்து, திரும்பி, அவள் மேல் வந்தது. கையில் படிந்தது. மேல்சட்டையின் கழுத்துப் பட்டியில் படிந்தது. இனி அவள் சின்னவளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுப்பாள். சின்னவள் தன் வெள்ளைக் கழுத்தை அவள் கழுத்தில் வைத்துத் தேய்ப்பாள். பிறகு அவள் முடியை முடிந்துகொண்டு பஸ்ஸுக்கு ஓடுவாள்.

கை அப்படியே நின்றது.

டப்பாவைத் தரையில் வைத்தாள். எழுந்து இரண்டடி பின்னால் போனாள்.

"ஏங்க. எந்திரிங்க."

தமிழரசன் கண்ணைத் திறந்தான். மணி என்ன என்றான்.

"பாப்பாவுக்கு நீங்கதான் பவுடர் போடணும்."

"நான் என்ன பண்ணேன்?"

அவள் சொன்னாள். அவன் உட்கார்ந்து கேட்டான். டப்பாவைப் பார்த்தான். சின்னவளைப் பார்த்தான். சின்னவள் பாயில் கால்களை உதைத்துக்கொண்டு அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

ராசாத்தி மறுபடி குளித்தாள். கழுத்தைச் சோப்புப் போட்டு மூன்று முறை தேய்த்தாள். கொடியில் கிடந்த இன்னொரு யூனிபார்மை மாற்றிக்கொண்டாள். அறைக்குள் வரவில்லை. வாசலில் நின்றபடியே எங்கே எவ்வளவு தட்ட வேண்டும் என்று சொன்னாள். நாளையிலிருந்து இதைக் காலை ஏழரைக்குச் செய்தால் போதும், அவள் போன பிறகு.

விளக்கத்தை பஸ்ஸில் எழுதினாள். 'நான் எனக்குப் பவுடர் போடவில்லை. என் குழந்தைக்குப் போட்டேன். அது என் மேல் ஒட்டியிருக்கிறது. இனிமேல் குழந்தைக்கு அதன் அப்பா போடுவார்.'

ராஜேஷ்குமார் இரண்டு முறை படித்தார். அவருடைய படிவத்தில் இரண்டே கட்டங்கள் இருந்தன. அலங்காரப் பொருள் பயன்படுத்தினார். பயன்படுத்தவில்லை. இதற்கு மூன்றாவது கட்டம் இல்லை என்றார்.

"அப்பாவும் கையெழுத்துப் போடணுமா சார்?" என்றாள் ஸ்வாதி.

அவர் யோசித்தார். சனிக்கிழமை வரை மீட்டர் பச்சையில் இருந்தால் இந்தத் தாளைக் கிழித்துவிடுவதாகச் சொன்னார். ஒரு நாள் சிவந்தாலும் மேலே போகும். அதற்கு மேல் தன் கையில் இல்லை.

அன்று ஆறு நாற்பது பச்சையாகவே கடந்தது. ஐந்து நாளில் ஒன்று.

மூன்று மணிக்குக் கீழே ரங்கம்மா காத்திருந்தாள். தெலுங்குக்காரி. குரல் எப்போதும் மாடிவரை கேட்கும்.

"ஏம்மா, இன்னிக்கி உங்க வூட்டுக்காரு பாப்பாவ மைதா மாவுல பெரட்டிக் குடுத்துட்டுப் போறாரு. சட்டை முன்னாடி பின்னாடி. பொட்டு பத்து ரூபாய் காசு அளவுக்கு, நடு நெத்தியில. நீ ஊருக்குப் போயிட்டியான்னு பாத்தேன்."

ராசாத்தி காரணத்தைச் சொன்னாள். குளித்த பிறகு பிள்ளையைத் தொடக் கூடாது என்பதையும் சொன்னாள்.

"கோயில் பூசாரி மாதிரி மடியா?" ரங்கம்மா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, ஆனாலும் பெத்தவள் கை பட்ட மாதிரி வராது என்றாள்.

அந்தச் சொல் ராத்திரிவரை கூடவே இருந்தது. தானே செய்துவிட்டு மறுபடி குளித்தால் என்ன என்று ராசாத்தி கணக்குப் போட்டாள். மூன்றரைக்கு எழ வேண்டும். எழ முடியும். எல்லாவற்றுக்கும் எழுந்தவள்தானே. படுத்தாள். அலாரத்தை மூன்றரைக்கு மாற்றினாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி நான்காக்கினாள்.

புதன்கிழமையும் பச்சை. ரங்கம்மா, சட்டை இன்றைக்குச் சரியாக இருக்கிறது, பொட்டுதான் காதுக்குப் போய்விட்டது என்றாள். சின்னவள் வேர்க்குருவைச் சொறியவில்லை. நன்றாகத் தூங்கியிருந்தாள். அதைக் கேட்டபோது ராசாத்திக்கு நிம்மதியும் ஒரு சின்ன வருத்தமும் ஒன்றாக வந்தன.

வியாழக்கிழமைதான் சோதனை.

முந்தைய நாள் தமிழரசனுக்கு ஓவர்டைம். அடித்துப் போட்டது போலத் தூங்கினான். ராசாத்தி சின்னவளுக்குப் பால் கொடுத்துத் தூங்க வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். யூனிபார்மை இப்போது பிளாஸ்டிக் உறையில் போட்டுக் குளியலறையிலேயே மாட்டியிருந்தாள். இன்னொரு யூனிபார்ம் துவைத்து ஈரமாகக் கொடியில் கிடந்தது. உடுத்திக்கொண்டு கதவைத் திறந்தாள்.

பையன் பிரதாப் எழுந்திருந்தான். பாயில் உட்கார்ந்திருந்தான். தலை, புருவம், மூக்கு எல்லாம் வெள்ளை. சின்னவளும் விழித்திருந்தாள். அவளுடைய கண்கள் மட்டும் கறுப்பாக இருந்தன. டப்பா காலியாகக் கவிழ்ந்து கிடந்தது. அறை முழுக்கப் பவுடர் மிதந்தது.

"அம்மா, பாப்பாவுக்கு நான் மேக்கப் போட்டேன்," என்றான் பிரதாப். "எனக்கும் போட்டேன்."

சின்னவளின் கண்ணில் பவுடர் விழுந்திருக்க வேண்டும். உதடு பிதுங்கியது. அழுகை பெரிதாக வந்தது. இரண்டு கையையும் அம்மாவை நோக்கி நீட்டினாள்.

மணி ஐந்து. ஐந்து பத்துக்கு பஸ். அதை விட்டால் அடுத்த பஸ் இல்லை.

"ஏங்க."

தமிழரசன் அசையவில்லை.

"ஏங்க, எந்திரிங்க."

சின்னவள் தவழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே, தரையில் வெள்ளைக் கைத்தடம் பதிய, நேராக ராசாத்தியிடம் வந்தாள். ராசாத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரை ஒட்டி வாசல்வரை போனாள். சின்னவளும் திரும்பினாள். ராசாத்தி வெளியே படிக்கட்டு முனையில் கால் வைத்தாள். சின்னவள் இன்னும் இரண்டு கை தூரத்தில் இருந்தாள். கையை நீட்டினாள்.

ராசாத்தி தூக்கவில்லை. கதவைச் சாத்தினாள்.

உள்ளே சின்னவளின் கை கதவில் பட்டது. பட் பட் என்று அடித்தாள். பிரதாப் அப்பா அப்பா என்று கத்தினான். ராசாத்தி கதவின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு கையை எடுத்துப் பலமாகக் கதவைத் தட்டினாள். தன் வீட்டுக் கதவைத் தானே, அடுத்த வீட்டுக்காரி மாதிரி.

பாய் சரசரத்தது. ஏதோ உருண்டது. தமிழரசனின் குரல் தூக்கத்தோடு வந்தது. ஐயோ என்றான். பிறகு தண்ணீர் ஊற்றும் சத்தம். அழுகை கதவிலிருந்து தூரப் போனது.

"ராசாத்தி, நிக்கிறியா?"

"நிக்கிறேன்."

"நான் பாத்துக்கறேன். நீ போ."

அவள் போகவில்லை. அழுகை விக்கலாகும்வரை நின்றாள். பிறகு படிகளை இரண்டிரண்டாக இறங்கினாள்.

பஸ்ஸில் ஃபகருன்னிசா தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள். ராசாத்தியின் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்றாள். ராசாத்தி எல்லாவற்றையும் சொன்னாள். மேக்கப் போட்டேன் என்று பையன் சொன்னதையும் சொன்னாள். பிள்ளை முகத்தில் கதவைச் சாத்தியதையும் சொன்னாள்.

ஃபகருன்னிசா கேலி செய்யவில்லை.

"அவர் எந்திரிச்சுட்டாரா?"

"எந்திரிச்சுட்டார்."

"கண்ணைக் கழுவினாரா?"

"தண்ணி சத்தம் கேட்டுச்சு."

"அப்ப விடு."

கொஞ்ச தூரம் போன பிறகு ஃபகருன்னிசா, மூன்றாவது பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது இரண்டு வருடம் தானும் கண்ணாடி பார்க்கவில்லை என்று சொன்னாள். ஒரு நாள் கணவர் நசருல்லாவின் கடையில் யாரோ ஒரு அம்மா நிற்பதைப் பார்த்தாளாம். பார்த்தால் கடையின் கண்ணாடி. அதை அவள் சிரிப்புக்காகச் சொன்னாள். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

ஆறு முப்பத்தெட்டுக்கு ராசாத்தி லென்ஸிலிருந்து தலையை நிமிர்த்தினாள். மீட்டர் பச்சை. ஆறு நாற்பது. பச்சை. எழுபது நொடி பார்த்துவிட்டுக் குனிந்தாள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ராஜேஷ்குமாரும் மீட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் போய்விட்டார்.

வெள்ளியும் பச்சை. சனியும் பச்சை.

சனிக்கிழமை டீ நேரத்தில் ராஜேஷ்குமார் லைனுக்கு வெளியே வந்து அவளைக் கூப்பிட்டார். தாளை அவள் முன்னாலேயே கிழித்துக் கூடையில் போட்டார். அவ்வளவுதான். போகும்போது மட்டும், பையன் இப்போது டப்பாவைத் தொடுகிறானா என்று கேட்டார். அவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று ராசாத்தி திரும்பினாள். ஃபகருன்னிசா டீக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுவரில் ஸ்வாதி கையால் எழுதி ஒரு தாள் ஒட்டினாள். வீட்டில் குழந்தைக்குப் பவுடர் போடுகிறவர்கள் அதன் பிறகு குளித்துவிட்டு வரவும். அதைப் படித்த இன்னும் இரண்டு பேர், தாங்களும் போடுகிறோம் என்று அப்போதுதான் சொன்னார்கள். அதில் ஒருத்தி, குளிப்பதைவிட ராசாத்தி மாதிரி வீட்டுக்காரரிடம் விட்டுவிடுவது நல்லது என்றாள்.

இரண்டு மணி. ராசாத்தி கடைசிக் கழிப்பறைக்குப் போனாள். வெளியே வந்தபோது இரண்டு ஒன்பது. நீளக் கண்ணாடி முன்னால் வழக்கமான கூட்டம். ஃபகருன்னிசா இரண்டு முழங்கையையும் அகட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"வா. எடம் புடிச்சு வெச்சிருக்கேன். கை வலிக்குது."

ராசாத்தி நின்றாள். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். நெற்றி, கண், மூக்கு, வாய், கழுத்து எல்லாம் ஒன்றாக இருந்தன. மாஸ்க்கின் கோடு ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னம்வரை சிவப்பாக ஓடியது. கண்ணுக்குக் கீழே கரி. உதடு வெடித்திருந்தது. அவளுக்கு இருபத்தெட்டு வயது. கண்ணாடியில் இருந்தவள் அதைவிட மூத்தவள். ஆனால் தெரிந்த முகம்தான்.

"அன்னிக்கி உன் மூஞ்சியப் பத்திச் சொன்னேன்ல," என்றாள் ஃபகருன்னிசா, கண்ணாடியைப் பார்த்தபடியே.

"சொன்னீங்க."

"உன்னைக் காப்பாத்தத்தான்டி சொன்னேன்."

"தெரியும்க்கா. உள்ளதைத்தான சொன்னீங்க."

"உள்ளதைச் சொன்னாலும் பத்துப் பேர் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாது."

ஃபகருன்னிசா பையிலிருந்து ஒரு மைப் பென்சிலை எடுத்துக் கண்ணாடிக்குக் கீழிருந்த கல் மேடைமேல் வைத்தாள். பிரிக்காத உறை. நசருல்லாவின் ஃபேன்சி கடையிலிருந்து எடுத்து வந்தது. விலையைப் பேனாவால் அடித்திருந்தாள்.

ராசாத்தி முதலில் வாஸலின் தடவினாள். மாஸ்க் கோட்டில் க்ரீம் தேய்த்தாள். கோடு போகவில்லை, கொஞ்சம் தணிந்தது. யாருடையதோ பவுடர் பஃப்பை வாங்கி இரண்டு கன்னத்திலும் ஒற்றினாள். வெள்ளை எழுந்தபோது கை தானாக நின்றது. பிறகு நினைவு வந்தது. ஷிப்ட் முடிந்துவிட்டது. இன்னும் இரண்டு ஒற்று ஒற்றினாள்.

மை போட அவள் கைக்கு மறந்திருந்தது. வலது கண் வந்தது. இடது கண்ணில் பாதிக் கோடு போட்டிருந்தபோது பஸ் ஹார்ன் அடித்தது.

ஹைவேயில் மேம்பால வேலை நடக்கும் இடத்தில் பஸ் எப்போதும் நிற்கும். அன்றும் நின்றது. ஃபகருன்னிசா அவள் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். பஸ் ஆடினால் கண் போய்விடும், அசையாதே என்றாள். பின் சீட்டில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பஸ் நகர்வதற்குள் இடது கண்ணும் முடிந்தது.

"ஏம்மா, எங்க கல்யாணம்?" என்றாள் ரங்கம்மா, மூன்று மணிக்கு.

சின்னவள் ராசாத்தியைப் பார்த்தாள். உடனே தாவவில்லை. தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒரு விரலை நீட்டி அம்மாவின் கண்ணோரத்தைத் தொட்டாள். விரலில் வந்த மையைப் பார்த்தாள். வாயில் வைக்கப் போனாள். ராசாத்தி பிடுங்கித் துடைத்தாள். அன்று சின்னவளின் கன்னத்து மைப்பொட்டு கன்னத்திலேயே இருந்தது. வட்டமாக, அளவாக. தமிழரசன் வைத்தது.

ஞாயிற்றுக்கிழமை ராசாத்தி அவனிடம் சுத்தியல் கேட்டாள். எதற்கு என்று கேட்டுவிட்டுத் தானே அடித்துத் தருவதாகச் சொன்னான். வேண்டாம் என்றாள். குளியலறைச் சுவரில் ஒரு முழம் கீழே ஆணி அடித்தாள். முதல் ஆணி வளைந்தது. இரண்டாவது நின்றது. கண்ணாடியை மாட்டினாள்.

அன்று தமிழரசன் முழங்காலை மடக்கிக்கொண்டு சவரம் செய்தான். இடுப்பு வலிக்கிறது என்று இரண்டு முறை சொன்னான். பழைய ஆணி மேலே அப்படியேதான் இருந்தது. கண்ணாடியை அவன் அதற்கு மாற்றவில்லை.

திங்கள் காலை ராசாத்தி நான்கு மணிக்குப் பால் கொடுத்தாள். சின்னவள் குடித்தபடியே தூங்கிப்போனாள். குளித்தாள். உறையிலிருந்து யூனிபார்மை எடுத்து உடுத்தினாள். செய்ய வேறு வேலை இல்லை. ஷிப்டுக்குப் போகும்போது முகத்தில் ஒன்றும் போடக் கூடாது. பொட்டுக்கூட வைக்க முடியாது.

கண்ணாடி முன் நின்றாள். கால் விரலில் எக்க வேண்டியிருக்கவில்லை. தலையை மெதுவாக, சிக்கெடுத்து, அடிவரை சீவினாள். பின்னல் போட்டாள். பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுப் பார்த்தாள். பின்னால் போட்டுப் பார்த்தாள். அறைக்குள் தமிழரசன் புரண்டு படுத்து, போயிட்டியா என்று கேட்டான்.

"இன்னும் இல்ல," என்றாள்.

பஸ்ஸுக்கு இன்னும் ஆறு நிமிடம் இருந்தது.